தண்ணீர் ஸ்டேஜ் பாட்டு, விளையாடாமல்

நேற்று இரவு பத்தரை மணிக்குத்தான் சரியாக வந்தது. சமையலறை அலமாரியில் பிளைவுட் பெட்டி, அதன் முகப்பில் நான்கு சின்ன சுவிட்ச், ஒரு திருகி. உள்ளேயிருந்து மாரியோ டிவி கேமின் தண்ணீர் ஸ்டேஜ் பாட்டு வருகிறது. சின்ன வயதில் நான் கேட்ட அதே வேகம், அதே கொஞ்சம் மூக்கடைத்த தொனி. கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினேன். இது நடக்க ஐந்து வாரம் ஆனது. நடுவில் எங்கெங்கே தப்பாகப் போனேன் என்பது மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

தொடங்கியது ஊரில், வீட்டுப் பரணில். தொண்ணூறுகளில் எங்களுக்கு அப்பா வாங்கித் தந்த டிவி கேம் ஒரு சாக்குப்பையில் கிடந்தது. கேசட் போட்டு விளையாடும், நிண்டெண்டோ மெஷினின் நகல்தான், அப்போது நம்மூரில் பல வீடுகளில் இருந்ததே, அந்த வகை. கூடவே மூன்று கேசட். எனக்கு இப்போது அந்த கேம்களை விளையாடும் ஆசை பெரிதாக இல்லை. ஆனால் அந்தப் பாட்டுகள் இருபத்தைந்து வருடமாக வாயில் வந்துகொண்டிருக்கின்றன. குறிப்பாகத் தண்ணீர் ஸ்டேஜில் வருவது. மற்ற ஸ்டேஜ் பாட்டெல்லாம் துள்ளும், இது மட்டும் ஒன்று-இரண்டு-மூன்று என்று மூன்று தட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடும். அதை ஒரு தடவையாவது மீன் கடிக்காமல், நேரம் முடியாமல், முழுசாகக் கேட்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

மெஷினைச் சென்னைக்கு எடுத்துவந்து அடாப்டரைச் சொருகினேன், விளக்கு எரியவில்லை. ஐசி போய்விட்டது என்று முடிவுகட்டி இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன். முதல் தப்பு அதுதான், அளந்து பார்க்காமலே முடிவுக்கு வந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். ஐந்து திருகாணி, அடியில் இரண்டு ரப்பர் காலுக்குக் கீழே ஒளிந்திருந்தன. உள்ளே நல்ல செய்தி: கறுப்புப் பிசின் பொட்டு வைத்த மலிவு போர்டு இல்லை, நாற்பது கால் சிப் இரண்டு தனித்தனியாக இருந்தன. ஒன்றின் மேல் 6527பி என்று அச்சு, கேமை ஓட்டுவதும் ஒலி எழுப்புவதும் அதுதான். பக்கத்தில், சிப்புகளுக்கு வேகம் கொடுக்கும் கிரிஸ்டலில் 26.601 (மெகாஹெர்ட்ஸ்) என்று போட்டிருந்தது. இந்த எண்ணை அப்போது ஒரு பேப்பரில் குறித்து வைத்தேன், ஏன் என்று தெரியாமலே. பிறகு அதுதான் முக்கியமாகப் போனது.

மல்டிமீட்டரை வைத்தேன். அடாப்டர் 9 வோல்ட் என்று சொல்லி 13.4 கொடுத்தது. சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் அப்படித்தான் காட்டும், அது பிரச்சினை இல்லை. 7805 ரெகுலேட்டரின் வெளியே 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 1.2 தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 15 ரூபாய்க்குப் புதிய 7805, 12 ரூபாய்க்கு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பழையதின் தலை லேசாக உப்பியிருந்ததால் அதையும் சேர்த்து மாற்றினேன். விளக்கு எரிந்தது. திரை சாம்பல் நிறத்தில் நின்றது.

கேசட்டை ஊதிப் போடுவதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம். ஊதினேன், வரவில்லை. ரப்பர் போட்டுத் தேய்த்தேன், கொஞ்சம் வந்து குழம்பியது. ஐசோபுரோப்பில் ஆல்கஹால் 120 ரூபாய் பாட்டில் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் அறுபது காலையும் துடைத்தபோது பஞ்சு கறுப்பாக வந்தது. எட்டுக் குச்சி போனபிறகுதான் வெள்ளையாக வர ஆரம்பித்தது. மெஷின் பக்கத்துக் கனெக்டரையும் அதே மாதிரி. இதை முதலிலேயே செய்திருக்கலாம், ரப்பர் தேவையே இல்லை, அதன் தூள் உள்ளே போய் இன்னும் கெடுக்கும். படம் வந்தது. மாரியோ நின்றான். கண்ட்ரோலரில் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை, அது போகட்டும்.

அடுத்து ஒலி. டிவி வழியாக வரும் சத்தத்தில் பின்னால் ஒரு ரீங்காரம். பழைய அடாப்டரை விட்டுவிட்டு 220 ரூபாய்க்கு ஒரு புதிய எஸ்எம்பிஎஸ் அடாப்டர் வாங்கியதும் பாதி போய்விட்டது. மீதியைத் துரத்தும்போதுதான் நல்ல விஷயம் ஒன்று கற்றேன். இந்த வகைச் சிப்பில் ஒலி ஒரே காலில் வெளியே வருவதில்லை. முதல் காலில் இரண்டு சதுர அலைச் சானல்கள் (சானல் என்றால் சிப்பின் ஒரு குரல்), இரண்டாவது காலில் முக்கோண அலை, இரைச்சல், பதிவுத் துண்டு (முன்பே பதிந்து வைத்த சின்ன ஒலி) மூன்றும். இரண்டும் போர்டில் ரெசிஸ்டர் வழியாகச் சேர்ந்து ஒன்றாகின்றன. சேர்வதற்கு முன்னாடியே இரண்டு காலிலிருந்தும் தனித்தனி ஒயர் எடுத்தால் மெலடி ஒரு காதில், பேஸும் தாளமும் இன்னொரு காதில்.

கால் ஒன்றுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அதற்குப் பின்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அப்புறம் ஒரு ஸ்டீரியோ சாக்கெட். ஒயரை முதலில் சாதாரண ஒயராகவே போட்டேன். படத்தில் வெள்ளை அதிகமானால் சத்தத்தில் உறுமல் அதிகமானது. வீடியோ சிப்பின் பக்கமாக ஒயர் போனதுதான் காரணம். 40 ரூபாய்க்கு ஷீல்டு ஒயர் வாங்கி, கிரவுண்டை சாக்கெட் பக்கம் எடுக்காமல் சிப்பின் கிரவுண்டு காலுக்குப் பக்கத்திலேயே எடுத்ததும் அடங்கியது. இயர்போனில் கேட்டபோது மெலடி முழுவதும் இடது காதிலேயே நின்று தலை கனத்தது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டேன், கொஞ்சம் கலந்து இதமாகிவிட்டது.

பதிவு செய்யும்போது இன்னொரு தப்பு. லேப்டாப்பின் மைக் ஓட்டையில் சொருகினேன். அது மோனோ, அதோடு மைக்குக்கான உணர்திறன், எல்லாம் உடைந்து கரகரவென்று வந்தது. நண்பர் ஒருவரிடம் லைன் உள்ளீடு உள்ள யுஎஸ்பி ஆடியோ பெட்டி இருந்தது, இரண்டு வாரம் இரவல் வாங்கினேன். 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு. அவ்வளவு தேவையில்லை என்று தோன்றும், ஆனால் அலையைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அது கைகொடுத்தது.

தண்ணீர் ஸ்டேஜ் முதலில் வருவது 2-2 இல், அதாவது இரண்டாம் உலகத்தின் இரண்டாம் ஸ்டேஜில். அங்கே போய், குழாயில் இறங்கி, ஒரு பட்டனையும் தொடாமல் தரையிலேயே நின்றேன். நேரம் 400 இலிருந்து இறங்குகிறது. 100 ஆனதும் எச்சரிக்கை அடித்துப் பாட்டு வேகமெடுத்துவிடும், எல்லாருக்கும் தெரியும். ஒரு எண் இறங்க 24 ஃபிரேம் (டிவியில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்). நம்மூர் டிவி முறையான பால் (PAL) முறைக்கான மெஷினில் நொடிக்கு 50 ஃபிரேம், ஆகவே 300 எண் இறங்க 144 நொடி. இரண்டு நிமிடம் இருபத்துநான்கு நொடி என் கையில் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அந்தப் பதிவை இரவில் இயர்போனில் போட்டுக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே இந்த வேலை பிடித்துப்போனது. ஏனென்றால் அதில் நான் இதுவரை கேட்காத ஒரு குரல் இருந்தது. விளையாடும்போது நாம் நிற்பதே இல்லை, குதித்துக்கொண்டும் நீந்திக்கொண்டும் இருக்கிறோம். குதிக்கும் சத்தம், நீந்தும் சத்தம், காசு எடுக்கும் சத்தம் எதற்கும் தனியாக இடம் கிடையாது, பாட்டின் இரண்டு சதுர அலைச் சானல்களில் ஒன்றைத்தான் பிடுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் பாட்டின் அந்தக் குரல் வாயை மூடிக்கொள்ளும். குதித்தாலும் நீந்தினாலும் பிடுங்கப்படுவது இரண்டாம் குரல். ஆகவே இத்தனை வருடம் நான் அதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன். கோஜி கோண்டோ 1985இல் மொத்தமே ஐந்து சானலுக்குள் எழுதியது, அதிலும் ஒன்றைப் பாதி நேரம் நம் விரல் தட்டிப் பறித்துக்கொண்டிருந்தது. விளையாடாமல் நின்றால்தான் முழுப் பாட்டும் காதில் விழுகிறது. இதை எழுதும்போதுகூட எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

சரி, ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படி நின்று பதிவு செய்ய முடியாது. பல கேம்களில் சும்மா நின்றால் எதிரி வந்து அடித்துவிடுவான். கான்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஒரு வழி இருக்கிறது, என்னிடமுள்ள கேசட்டில் தலைப்புத் திரையில் ஏ, பி இரண்டையும் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால் ஒலிகளை மட்டும் போட்டுக் கேட்கும் திரை வந்தது. மற்றவற்றில் அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டாம் கட்டமாக என்எஸ்எஃப் கோப்புகளுக்குப் போனேன். அது பதிவு இல்லை, கேமின் நிரல் முழுவதும் இருக்கும் ரோம் சிப்பிலிருந்து பாட்டை வாசிக்கும் நிரலை மட்டும் பிரித்து எடுத்தது. சில பத்து கிலோபைட்டுக்குள் ஒரு கேமின் எல்லாப் பாட்டும் அடங்கிவிடும். பழைய சிப்பைப் போல நடிக்கும் ஒரு பிளேயர் அதை அந்தக் கணத்தில் வாசிக்கும். இசையின் உரிமை கேம் நிறுவனங்களுடையது, எனவே என் கோப்புகளை யாருக்கும் அனுப்புவதில்லை, கேட்க வேண்டாம்.

போட்டேன். தண்ணீர் ஸ்டேஜ் வந்தது. வேறு ஏதோ மாதிரி இருந்தது. வேகம் அதிகம், தொனி வட்டமாக, உள்ளீடற்ற குழலில் ஊதுவது போல. முதலில் என் நினைவுதான் தப்பு என்று நினைத்தேன். சின்ன வயதில் கேட்டது, மனசு மாற்றி வைத்திருக்கும் என்று. ஆனால் கையில் மெஷினின் பதிவு இருக்கிறதே. இரண்டையும் அடுத்தடுத்து போட்டேன். என் நினைவு சரிதான், இரண்டும் வேறு.

வேகத்தின் காரணம் சுலபம். அசல் மெஷின் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நொடிக்கு 60 ஃபிரேம். பாட்டு ஃபிரேமுக்கு ஒரு அடி நகரும். நம் மெஷினில் 50. ஆக நான் கேட்டு வளர்ந்தது அசலின் ஆறில் ஐந்து பங்கு வேகம். இதைச் சரிசெய்ய மூன்று வழி முயன்றேன், முதல் இரண்டும் வீண். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் டெம்போவை (வேகத்தை) மட்டும் குறைத்தால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் கூர்மை போய்க் குழைந்துவிடுகிறது, இந்த இசையில் அந்தக் கூர்மைதான் எல்லாம். அடுத்து கோப்பின் தலைப்பகுதியில் பால் என்று கொடியை மாற்றினேன். வேகம் சரியாகியது, ஆனால் சுருதி ஒரு சுரப்படிக்கும் (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவிலுள்ள தூரம்) அதிகமாகக் கீழே இறங்கியது. ஐரோப்பாவுக்கான அசல் மெஷினில் ப்ராசஸர் 1.6626 மெகாஹெர்ட்ஸ், அறுபது ஃபிரேம் மெஷினில் 1.7898. பிளேயர் விசுவாசமாக ஐரோப்பிய மெஷினைப் போலவே வாசித்தது. என் பதிவில் சுருதி அப்படி இறங்கவில்லை.

இங்கேதான் பேப்பரில் குறித்த 26.601 கைக்கு வந்தது. ஐரோப்பிய அசலிலும் அதே கிரிஸ்டல்தான், அதை 16 ஆல் வகுத்துப் ப்ராசஸருக்குக் கொடுப்பார்கள். இந்த நகல் சிப் 15 ஆல் வகுக்கிறது. 26.601 ஐ 15 ஆல் வகுத்தால் 1.7734. அமெரிக்க வேகத்துக்கு மிக அருகில், சுருதி வித்தியாசம் ஒரு சுரப்படியில் ஆறில் ஒரு பங்குதான். யாரோ ஒரு பொறியாளர், 60 ஃபிரேமுக்கு எழுதிய கேம்கள் 50 ஃபிரேம் டிவியிலும் சுருதி கெடாமல் ஓட வேண்டும் என்று யோசித்திருக்கிறார். விளைவு: மெதுவான பாட்டு, ஆனால் கிட்டத்தட்ட சரியான சுருதி. உலகத்தில் இரண்டு பக்கமும் இல்லாத ஒரு மூன்றாவது கலவை, நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டது அதைத்தான்.

தெரிந்தபின் திருத்துவது எளிது. கோப்பின் முதல் 128 பைட் தலைப்பகுதி. அதில் 110, 111 ஆம் இடங்களில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே எத்தனை மைக்ரோசெகண்ட் என்று எழுதியிருக்கும் (எண்ணிக்கை 0 இலிருந்து தொடங்குகிறது). என் கோப்பில் 16666, அதாவது 26, 65 என்று இரண்டு பைட். அதை 20000 ஆக்க வேண்டும்: 32, 78. மதிப்பில் கீழான பைட் முதலில் வரும், நான் முதல் தடவை திருப்பிப் போட்டுவிட்டேன், பாட்டு தலைதெறிக்க ஓடியது. சரியாகப் போட்டதும் வேகம் என் பதிவோடு ஒத்துப்போனது. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் நிமிடக்கணக்கில் சேர்ந்தே போயின.

தொனி மட்டும் சேரவில்லை. அந்த வட்டமான குழல் தொனி போகவே இல்லை. ஈக்வலைசரில் இரண்டு இரவு வீணடித்தேன், மேல் அலைவரிசைகளை ஏற்றி, நடுவைக் குறைத்து, எதுவும் ஒட்டவில்லை. பிறகுதான் பதிவில் ஒரு சுரத்தை எடுத்து, அலை தனித்தனியாகத் தெரியும் வரை பெரிதாக்கினேன். அசல் போல வாசிக்கும் பிளேயரில் அலை பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. என் மெஷினின் அலை கால் பங்குதான் மேலே, முக்கால் பங்கு கீழே. காரணம் ஒரு நொடியில் கண்ணில் தெரிந்தது. காதால் இரண்டு இரவு தேடியது.

சதுர அலைச் சானலுக்கு நான்கு வடிவம் உண்டு: எட்டில் ஒரு பங்கு, கால், அரை, முக்கால். இரண்டு பிட்டால் தேர்வு செய்வது, 0 முதல் 3 வரை. மாரியோவின் பாட்டெல்லாம் 2, அதாவது அரை. இந்த வகை நகல் சிப்கள் பலவற்றில் அந்த இரண்டு பிட்டும் இடம் மாறியிருக்கின்றன. இடம் மாறினால் 0 உம் 3 உம் மாறாது, 1 உம் 2 உம் மட்டும் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளும். ஆகவே கால் கேட்டால் அரை வரும், அரை கேட்டால் கால் வரும். கால் பங்கு அலையில் இரட்டை எண் ஓவர்டோன்களும் (அடிச் சுரத்தின் மடங்குகளில் கூடவே ஒலிக்கும் மேல் சுரங்கள்) சேரும், அதனால்தான் அந்த நாணல் வைத்து ஊதுவது போன்ற, மூக்கால் வரும் தொனி. அரைப் பங்கில் ஒற்றை எண்கள் மட்டும், குழல் போல. பழைய மெஷினைப் போல கணினியில் நடிக்கும் மெசன் எமுலேட்டரில் இதற்கென்றே ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது, பழைய நகல் மெஷின்களைப் போல ஒலிக்க. அதை டிக் செய்து கேட்டதும் மேஜையைத் தட்டினேன்.

அந்த வார இறுதியில் தங்கை வந்திருந்தாள், அவள்தான் எப்போதும் இரண்டாவது கண்ட்ரோலர், பச்சைச் சட்டைக்காரன். ஒன்றும் சொல்லாமல் மூன்று துண்டுகளைப் போட்டேன்: அசல், வேகம் மட்டும் மாற்றியது, இரண்டும் மாற்றியது. முதல் இரண்டுக்கும் "ம்ம், மாரியோ" என்றாள். மூன்றாவதுக்கு நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, இதுதான் நம்ம வீட்டு மாரியோ. முன்னாடி போட்டது வேற யார் வீட்டுதோ" என்றாள். நான் வாரக்கணக்கில் அளந்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் கட்டம் பெட்டி. கணினியைத் திறந்தால்தான் பாட்டு என்றால் நான் கேட்கவே மாட்டேன். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி (இனி பை) 1,750 ரூபாய், 32 ஜிபி கார்டு 450, எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் பிசிஎம்5102 டாக் போர்டு 320. பிளேயராக கேம் மியூசிக் எமு என்ற திறந்த மூல நூலகம். அதில் சதுர அலையைச் செய்யும் கோப்பில் பதிவேட்டின் இரண்டு பிட்டை எடுக்கும் ஒரே ஒரு வரி இருக்கிறது. அதை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். எப்படியும் கம்பைல் செய்கிறோமே என்று ப்ராசஸர் வேகத்தையும் 1773448 ஆக்கினேன், அந்த ஆறில் ஒரு பங்கு சுருதி வித்தியாசமும் போயிற்று. கம்பைல் முடிந்து ஓட்டினால் தொனி மாறவே இல்லை! அரை நாள் நிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நிரலில் தப்பில்லை. சிஸ்டத்தில் ஏற்கெனவே வேறு ஒரு மென்பொருளோடு வந்த அதே நூலகத்தின் பழைய பிரதி இருந்தது, பிளேயர் அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. எந்தப் பிரதி ஓடுகிறது என்று முதலில் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

டாக் போர்டும் முதலில் ஊமை. மூன்று சிக்னல் ஒயரும் சரி (12, 35, 40 ஆம் பின்கள்), கான்ஃபிக் கோப்பில் டாக்கை இயக்கச் சேர்க்கும் ஹைஃபைபெரி டாக் ஓவர்லே வரியும் சரி. எஸ்சிகே என்ற பின்னைக் கிரவுண்டோடு சேர்க்காமல் விட்டிருந்தேன். அதோடு பின்பக்கம், ஒலியை அடக்கும் ஊமை பின்னுக்கான ஈய இணைப்பும் போடப்படாமல் வந்திருந்தது. இரண்டையும் ஒரு சொட்டு ஈயத்தால் சேர்த்ததும் பேசியது.

ஆம்ப்ளிஃபையர் பிஏஎம்8403, 70 ரூபாய். ஒன்றை எரித்தேன். இரண்டு ஸ்பீக்கரின் மைனஸையும் ஒரே ஒயரில் சேர்த்துவிட்டேன், பழைய ஆம்ப்களில் செய்கிற பழக்கம். இந்தச் சிப்பில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் ஓடுகிறது, மைனஸ் என்பது கிரவுண்டு இல்லை, இரண்டையும் சேர்க்கவே கூடாது. விரல் வைக்க முடியாத சூடு, அப்புறம் மௌனம். இரண்டாவது போர்டில் தனித்தனி ஒயர். ஆனால் பையோடு ஒரே சார்ஜரில் ஓட்டியபோது மெல்லிய கீச்சொலி, பை வேலை செய்யச் செய்ய மாறிக்கொண்டே. ஆம்புக்குத் தனியாக ஒரு பழைய போன் சார்ஜர் கொடுத்ததும் நின்றது. ஒரு பெட்டிக்கு இரண்டு பிளக் என்பது அழகாக இல்லை, ஆனால் அமைதியாக இருக்கிறது.

பெட்டிக்கு 12 மி.மீ. பிளைவுட், 30 செ.மீ. நீளம், 14 உயரம், 12 ஆழம். தச்சுப் பட்டறையில் வெட்டித் தர 350 ரூபாய் வாங்கினார்கள், மூன்று இன்ச் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கு ஓட்டையும் சேர்த்து. ஸ்பீக்கர் ஒன்று 140. பாட்டு மாற்ற ஒரு ரோட்டரி என்கோடர் (முகப்பிலுள்ள திருகி) 65 ரூபாய்.

நான்கு சுவிட்ச்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொன்றும் 20 ரூபாய் டாகிள், பையின் பின்னிலிருந்து நேராகக் கிரவுண்டுக்கு, ரெசிஸ்டர்கூடத் தேவையில்லை, பைக்குள்ளேயே அதற்கான புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறது. நூலகத்தில் ஒவ்வொரு குரலையும் தனியாக மூட வசதி உண்டு. ஆகவே சுவிட்ச் ஒன்று முதல் சதுர அலை, இரண்டு இரண்டாவது, மூன்று முக்கோணம், நான்கு இரைச்சலும் பதிவுத் துண்டும். மெலடியை அணைத்தால் பின்னால் நடப்பது மட்டும் கேட்கும். தண்ணீர் ஸ்டேஜில் அதைச் செய்து பாருங்கள். மெலடி இல்லாமலேயே பேஸும் இரண்டாம் குரலும் சேர்ந்து அந்த ஊஞ்சலை ஆட்டுகின்றன. கான்ட்ராவில் முக்கோணத்தை மட்டும் விட்டுக் கேட்டால், அதற்குச் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியே இல்லாத சானல் அது, ஒன்று ஒலிக்கும் அல்லது ஒலிக்காது, அதை வைத்து எவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறார்கள் என்று தெரியும். சன்சாஃப்ட் நிறுவனத்தின் கேம்கள் சிலவற்றில் பேஸைப் பதிவுத் துண்டால் செய்திருப்பார்கள், நான்காவது சுவிட்ச்சை அணைத்தால் பாட்டின் தரையே காணாமல் போகும்.

பாட்டுகள் முடிவில்லாமல் சுற்றும் என்பதால் மூன்று நிமிடத்தில் மெல்ல மங்கி அடுத்ததுக்குப் போகுமாறு வைத்திருக்கிறேன், மங்க எட்டு நொடி. மூன்று நிமிடம் சிலவற்றுக்கு அதிகம், சில சின்னப் பாட்டு அதற்குள் ஆறு சுற்று வந்துவிடுகிறது. பாட்டுக்குப் பாட்டு தனி நேரம் எழுதி வைக்கும் கோப்பு பாதி முடிந்திருக்கிறது.

செலவு: பெட்டியும் உள்ளே இருப்பதும் பைக்கான 300 ரூபாய் சார்ஜரோடு 3,665, எரிந்த ஆம்ப் 70, மெஷினை உயிர்ப்பித்தது 407. மொத்தம் 4,142 ரூபாய். ஆம்புக்கான போன் சார்ஜரும் திருகாணிகளும் வீட்டிலேயே இருந்தவை, ஆடியோ பெட்டி இரவல்.

மறுபடி செய்தால், முதல் நாளே மெஷினின் சுத்தமான பதிவை எடுத்து அலையைப் பெரிதாக்கிப் பார்ப்பேன், ஈக்வலைசர் பக்கமே போக மாட்டேன். பெட்டியின் ஆழத்தை 12க்குப் பதில் 16 செ.மீ. ஆக்குவேன், இப்போது ஒயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு பின் மூடியைத் தள்ளுகின்றன. ஒரே சார்ஜரில் ஓட, ஆம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போட்டுப் பார்க்க வேண்டும். சுவிட்ச்சுகளுக்கு மேலே பெயர் எழுதவில்லை, அம்மா வந்தபோது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ரிப்பேர் என்றார்கள்.

மெஷினைப் பிரித்தே வைத்திருக்கிறேன், இன்னும் மூடவில்லை. இரைச்சல் சானல் பதிவிலும் பெட்டியிலும் ஒரே மாதிரி இல்லை என்று ஒரு சந்தேகம், கான்ட்ராவின் தாளத்தில் மெஷின் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது. ஆடியோ பெட்டியைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் தனியாகப் பதிவு செய்து பார்க்கப் போகிறேன்.